பாரிஸில் எந்தப் பகுதியில் தங்குவது? முதல்முறை செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

பாரிஸ் பயணம் முடிவானதும் தங்குமிடம் தேட உட்காருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, ஈஃபிள் கோபுரத்துக்கு அருகில் விடுதி கிடைக்குமா என்பதுதான். கேள்வி இயல்பானதே. ஆனால் கோபுரத்தைப் பார்க்க நாம் ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை செல்வோம். தங்குமிடத்திலிருந்து நாள்தோறும் காலையில் கிளம்பி, கால் வலிக்க நடந்து, இரவில் திரும்பி வருவோம். எனவே அருகில் என்ன இருக்கிறது என்பதைவிட, அங்கிருந்து எந்த வழித்தடம் ஓடுகிறது, இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெரு எப்படி இருக்கும் என்ற இரண்டும்தான் வசதியைத் தீர்மானிக்கின்றன. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்கின்படியே செல்கிறது.

முதல் படி: நகரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்வது

பாரிஸ் நகராட்சியின் பரப்பு சுமார் 105 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் மேற்கிலும் கிழக்கிலும் உள்ள இரண்டு பெரிய காடுகள் அடங்கும். ‘பெரிஃபெரிக்’ எனப்படும் வட்டச் சாலைக்குள் அடங்கிய நகரை, நல்ல நடையாளர் ஒருவர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். சேன் நதி கிழக்கிலிருந்து மேற்காக வளைந்து ஓடி நகரை இரண்டாகப் பிரிக்கிறது. வடக்குப் பக்கம் வலது கரை, தெற்குப் பக்கம் இடது கரை.

1860-ல் சுற்றுப்புறச் சிற்றூர்கள் இணைக்கப்பட்டபின் நகரம் 20 வட்டாரங்களாக வகுக்கப்பட்டது. லூவ்ர் அருங்காட்சியகம் இருக்கும் 1-ஆம் வட்டாரத்தில் தொடங்கி, நத்தை ஓட்டின் சுருளைப் போல வலஞ்சுழியாக வெளிநோக்கிச் சென்று, கிழக்கு ஓரத்தில் 20-ஆம் வட்டாரத்தில் எண்கள் முடிகின்றன. அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைச் சொல்லிவிடும்: 75005 என்றால் 5-ஆம் வட்டாரம், 75018 என்றால் 18-ஆம் வட்டாரம்.

இந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வது பணத்தையும் நேரத்தையும் காப்பாற்றும். விடுதியின் பெயரில் ‘பாரிஸ்’ என்று இருந்தாலும் முகவரி 92, 93, 94 என்று தொடங்கினால் அது நகர எல்லைக்கு வெளியே உள்ளது. 95 என்றால் சார்ல் து கோல் விமான நிலையப் பக்கம், 77 என்றால் டிஸ்னிலாந்து பக்கம் இருக்கக்கூடும். வெளியே இருப்பதே குற்றமில்லை. தெரியாமல் வெளியே இருப்பதுதான் குற்றம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாரிஸுக்கு ‘நடு மையம்’ என்று ஒரே இடம் கிடையாது. நோத்ர்தாம் பேராலயம் நதியின் நடுவிலுள்ள தீவில், ஈஃபிள் கோபுரம் அங்கிருந்து மேற்கே சுமார் 4 கிலோமீட்டரில், சாக்ரே கேர் தேவாலயம் வடக்கே ஏறத்தாழ அதே தொலைவில் உள்ள குன்றின் மேல் என்று காட்சியிடங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றுக்கு அருகில் தங்கினால் மற்ற இரண்டிலிருந்தும் விலகித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் படி: வந்து சேர்வதையும் கிளம்புவதையும் எழுதிக்கொள்வது

பெட்டிகளோடு செய்யும் பயணம்தான் மிகக் கடினமான பயணம். பாரிஸ் மெட்ரோ 1900-ல் தொடங்கியது. அதன் பழைய நிலையங்களில் பலவற்றில் மின்தூக்கி கிடையாது, படிக்கட்டுகள்தான். முழுத் தடமும் மின்தூக்கி வசதியுடன் இருப்பது 14-ஆம் தடம் மட்டுமே. ஆகவே எந்த நிலையத்தில் இறங்குகிறோம், எத்தனை முறை வண்டி மாறுகிறோம் என்பதை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு ஆர்.இ.ஆர். பி என்ற விரைவுத் தொடர்வண்டி உண்டு. அது வடக்கிலிருந்து தெற்காகக் கார் து நோர் (‘கார்’ என்றால் பிரெஞ்சில் தொடர்வண்டி நிலையம்), ஷாத்லே லே ஆல், சான் மிஷேல், லுக்ஸம்பூர், போர் ரோயால், தான்ஃபேர் ரோஷெரோ என்று நகரை ஊடுருவிச் செல்கிறது. இந்த நிலையங்களில் ஒன்றிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் தங்கினால், வண்டி மாறாமலே அறைக்குப் போய்ச் சேரலாம். ஷாத்லேயை மட்டும் பெட்டிகளோடு தவிர்ப்பது நல்லது. பல தடங்கள் கூடும் அந்தப் பெரும் நிலையத்தில் சரியான வெளிவாயிலைக் கண்டுபிடிப்பதற்குள் களைத்துவிடுவோம். இரவு நேரங்களில் பராமரிப்புப் பணிக்காக இந்தத் தடத்தின் வடபகுதி நிறுத்தப்படுவதும் உண்டு என்பதால், பின்னிரவு விமானமாக இருந்தால் அந்த நாளுக்குரிய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர்லி விமான நிலையத்துக்கு 2024 ஜூன் முதல் 14-ஆம் மெட்ரோ தடம் நேரடியாகச் செல்கிறது. கார் து லியோன், ஷாத்லே, சான் லசார் ஆகிய நிலையங்கள் அந்தத் தடத்தில் உள்ளன. மலிவு விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் போவே விமான நிலையம் பாரிஸின் பெயரைத் தாங்கியிருந்தாலும், நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. அங்கிருந்து அதிகாலையில் விமானம் என்றால் முந்தைய இரவை எங்கே கழிப்பது என்று தனியாக யோசிக்க வேண்டும்.

குடும்பமாகச் செல்பவர்கள் ஒரு கூட்டல் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2025 நிலவரப்படி விமான நிலையத் தொடர்வண்டிச் சீட்டு ஒருவருக்கு 13 யூரோ. நான்கு பேருக்கு 52. சார்ல் து கோலிலிருந்து டாக்சிக்கு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65 யூரோ. அது ஆளுக்கல்ல, வண்டிக்கு. நான்கு பெரியவர்கள் வலது கரையில் தங்குவதானால், நான்கு யூரோ கூடுதலாகக் கொடுத்து விடுதி வாசலிலேயே இறங்கிவிடலாம். அப்படியானால் ஆர்.இ.ஆர். பி தடத்தில்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. தனியாகவோ இருவராகவோ செல்பவர்களுக்கு அந்தத் தடம் இன்னும் முதன்மையானதே. மாலை நெரிசலில் டாக்சி ஒரு மணி நேரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேருங்கள். கட்டணங்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால் கிளம்புமுன் ஒரு முறை சரிபார்ப்பது அவசியம்.

பாரிஸுக்கு அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதும் இதே அளவு முக்கியம். லண்டன், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் செல்லும் யூரோஸ்டார் கார் து நோரிலிருந்து கிளம்புகிறது. ஜெனீவா உள்ளிட்ட சுவிட்சர்லாந்து நகரங்களுக்கும் நீஸ், மர்செய் ஊர்களுக்கும் செல்லும் வண்டிகள் கார் து லியோனிலிருந்து புறப்படுகின்றன. ஸ்ட்ராஸ்பூருக்கும் ஜெர்மனிக்கும் கார் து லெஸ்த், போர்தோவுக்கு மோன்பர்னாஸ். நம்மவர்கள் பெரும்பாலும் பாரிஸையும் சுவிட்சர்லாந்தையும் ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்வதால், கார் து லியோன் பகுதி பெறும் மதிப்பெண் அங்கே கூடிவிடுகிறது.

மூன்றாம் படி: காட்சியிடங்களைத் தடங்களாக மாற்றி எழுதுவது

நகருக்குள் பெரும்பாலான இடங்களிலிருந்து 500 மீட்டருக்குள் ஏதாவது ஒரு மெட்ரோ நிலையம் இருக்கும். ஆகவே விடுதி விளம்பரத்தில் காணும் ‘மெட்ரோவுக்கு மிக அருகில்’ என்ற வரிக்கு எந்தப் பொருளும் இல்லை. எந்தத் தடத்தின் நிலையம் என்பதே கேள்வி.

ஒரு தாளில் நீங்கள் கட்டாயம் பார்க்க விரும்பும் ஐந்தாறு இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் தடத்தைக் குறியுங்கள். பலருக்கும் வரும் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்: லூவ்ர், ஷான்செலிசே பெருவீதி, வெற்றி வளைவு ஆகியவற்றுக்கு 1-ஆம் தடம், ஈஃபிள் கோபுரத்துக்கு 6-ஆம் தடத்தின் பீர் ஹக்கெய்ம் அல்லது த்ரோக்காதெரோ நிலையம், நோத்ர்தாமுக்கு 4-ஆம் தடத்தின் சித்தே நிலையம், மோன்மார்த்ர் குன்றுக்கு 12-ஆம் தடத்தின் அபெஸ் அல்லது 2-ஆம் தடத்தின் ஆன்வேர், வெர்சாய் அரண்மனைக்கு ஆர்.இ.ஆர். சி, டிஸ்னிலாந்துக்கு ஆர்.இ.ஆர். ஏ.

இந்தத் தடங்களில் குறைந்தது இரண்டு சந்திக்கும் நிலையத்தைச் சுற்றித் தேடுங்கள். ஒரு முறை வண்டி மாறுவது பொறுக்கக்கூடியது. இரண்டு முறை மாற வேண்டிய விடுதியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பட்டியலிலிருந்து அடித்துவிடலாம் என்பது என் கருத்து. தடங்களுக்குள்ளும் தராதரம் உண்டு. 3 பிஸ், 7 பிஸ் என்ற இரண்டு குட்டித் தடங்களில் ஏறினால் எங்கே போவதென்றாலும் மாறித்தான் ஆக வேண்டும். 13-ஆம் தடம் அலுவலக நேர நெரிசலுக்குப் பேர்போனது. மெட்ரோ காலை ஐந்தரை மணி அளவில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி ஒன்றேகால் மணி வரையிலும், வெள்ளி, சனி இரவுகளில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகவும் ஓடுகிறது. எனவே இரவுக் காட்சிகளுக்குப் பின் திரும்புவது பொதுவாகச் சிக்கலாவதில்லை.

2025 ஜனவரி முதல் மெட்ரோவுக்கும் ஆர்.இ.ஆருக்கும் மண்டலக் கணக்கு இல்லாமல் நகருக்கும் புறநகருக்கும் சேர்த்து, விமான நிலையங்கள் தவிர, ஒரே சீட்டு விலை வந்துவிட்டது. அந்த ஆண்டு அது 2.50 யூரோ. இதனால் புறநகரில் தங்குவோர் சீட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில்லை. அவர்கள் இழப்பது நேரத்தை மட்டுமே. பேருந்துச் சீட்டு தனி. மெட்ரோவில் வாங்கிய சீட்டோடு பேருந்தில் ஏற முடியாது. வாராந்தர நவிகோ அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும் என்பதால், திங்களன்றோ செவ்வாயன்றோ வந்து சேர்பவர்களுக்கு அது பெரும் சேமிப்பு. வியாழனன்று வருபவர்களுக்கு அநேகமாக வீண்.

நான்காம் படி: பகுதிகளை ஒப்பிடுவது

இனி பகுதிகளுக்கு வருவோம். இருபதையும் வரிசையாகச் சொல்வதில் பயனில்லை; முதல்முறை செல்பவருக்குப் பொருந்தக்கூடியவற்றையும், பொருந்துவதுபோலத் தோன்றி ஏமாற்றக்கூடியவற்றையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என்னைக் கேட்டால் முதலில் சொல்வது 14-ஆம் வட்டாரத்தின் வடமுனையான தான்ஃபேர் ரோஷெரோ. சுற்றுலா விளம்பரங்களில் இந்தப் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. நிலத்தடி எலும்புக் கிடங்கான கத்தகோம்புக்கு வருபவர்கள் மட்டும் அறிந்திருப்பார்கள். ஆனால் தடங்களைப் பாருங்கள்: விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி நேராக இங்கே வருகிறது. 6-ஆம் தடம் மாறாமல் ஈஃபிள் கோபுரத்துக்கும் அதற்கு அப்பால் வெற்றி வளைவுக்கும் செல்கிறது. 4-ஆம் தடம் மாறாமல் நோத்ர்தாமுக்கும் கார் து நோருக்கும் செல்கிறது. 38-ஆம் எண் பேருந்து லுக்ஸம்பூர் பூங்கா, ஷாத்லே வழியாக நகரின் வடக்கு வரை தரைக்கு மேலேயே அழைத்துச் செல்லும். படியிறங்க முடியாத பெரியவர்களுக்கு அது பெரிய வரம். பக்கத்திலேயே தகேர் தெருவில் பழம், காய்கறி, ரொட்டி, பாலாடைக்கட்டிக் கடைகள் வரிசையாக உள்ளன. மாலையில் குழந்தைகளோடு குடியிருப்போர் நடமாடும் தெருக்கள் இவை. காட்சி அழகில், கீழே சொல்லப்போகும் மரே பகுதியோடு போட்டி போட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வசதிக்காகவே இந்தத் தேர்வு.

அதே தொடர்வண்டித் தடத்தில் சற்று வடக்கே, 5-ஆம் வட்டாரத்தில், லுக்ஸம்பூர், போர் ரோயால் நிலையங்களைச் சுற்றியுள்ள லத்தீன் குடியிருப்பு வருகிறது. சோர்போன் பல்கலைக்கழகம், பாந்தியோன், லுக்ஸம்பூர் பூங்கா எல்லாம் நடைத் தொலைவு. நோத்ர்தாமுக்கு இருபது நிமிட நடை. முதல்முறை வருபவர் பாரிஸ் என்று மனதில் வைத்திருக்கும் தோற்றம் இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும். விலை அதற்கேற்ப உயர்வு, அறைகள் சிறியவை. முஃப்தார் தெருவின் மேல்முனையிலும் சான் மிஷேல் நிலையத்தை ஒட்டிய சந்துகளிலும் நள்ளிரவு தாண்டியும் இரைச்சல் ஓயாது. அந்த இரண்டையும் விட்டு இரண்டு தெரு தள்ளி எடுப்பது நல்லது.

வலது கரையில் 3, 4-ஆம் வட்டாரங்களில் பரவியுள்ள மரே பகுதி, நடந்தே ஊர் பார்க்க விரும்புவோருக்கானது. 1612-ல் திறக்கப்பட்ட வோஜ் சதுக்கம், பழைய மாளிகைகள், யூதர் குடியிருப்பான ரோசியே தெரு எல்லாம் இங்கே. அந்தத் தெருவின் ஃபலாஃபெல் கடைகள் சைவ உணவுக்காரர்களுக்கு நிம்மதி தரும்; சனிக்கிழமைகளில் அவற்றில் பல மூடியிருக்கும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நகரின் வேறு பகுதிகள் அடங்கியிருக்கும்போது மரே மட்டும் நிரம்பி வழியும். 1-ஆம் தடத்தின் சான் போல் நிலையம் லூவ்ருக்கு நேர் வழி. 69-ஆம் எண் பேருந்து இங்கிருந்து லூவ்ர், ஒர்சே அருங்காட்சியகம் வழியாக ஈஃபிள் கோபுர மைதானம் வரை செல்கிறது. குறை என்னவென்றால், 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களில் மின்தூக்கி இருப்பது அரிது. இருந்தாலும் ஒரு ஆளும் ஒரு பெட்டியும் கொள்ளும் அளவுதான்.

கார் து லியோன் சுற்றுப்புறம், அதாவது 12-ஆம் வட்டாரத்தின் மேற்குப் பகுதி, அழகுக்காக யாரும் தேர்ந்தெடுக்கும் இடமில்லை. ஆனால் 1-ஆம் தடம் லூவ்ருக்கு, 14-ஆம் தடம் ஓர்லிக்கு, ஆர்.இ.ஆர். ஏ டிஸ்னிலாந்துக்கு, விரைவு வண்டி சுவிட்சர்லாந்துக்கு என்று நான்கும் ஒரே கூரையின் கீழ். குழந்தைகளோடு டிஸ்னிலாந்தும் அடுத்து ஜெனீவாவும் திட்டத்தில் உள்ள குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

ஈஃபிள் கோபுரத்தின் அருகில்தான் தங்க வேண்டும் என்ற ஆசை விடவில்லையென்றால், 7-ஆம் வட்டாரத்தை விட்டு 15-ஆம் வட்டாரத்துக்கு வாருங்கள். 7-ஆம் வட்டாரம் தூதரகங்களும் அமைச்சகங்களும் நிறைந்தது. க்ளேர் தெருவின் கடைகளைத் தாண்டினால் மாலையில் வெறிச்சோடும், விலையோ கூரையைத் தொடும். 15-ஆம் வட்டாரத்தில் 6, 8, 10-ஆம் தடங்கள் சந்திக்கும் லா மோத் பிக்கே க்ரெனெல் நிலையத்தைச் சுற்றித் தங்கினால், கோபுரத்துக்குப் பதினைந்து நிமிட நடை. கோமேர்ஸ் தெருவில் பேரங்காடிகளும் எளிய உணவகங்களும் உள்ளன. இருட்டியபின் மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் கோபுரம் மின்னுவதைப் பார்த்துவிட்டு நடந்தே திரும்பலாம் என்பது இப்பகுதி தரும் உண்மையான இன்பம்.

மோன்மார்த்ர் குறித்து எச்சரிக்கையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. படங்களில் காணும் படிக்கட்டுத் தெருக்களில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்பது முன்பதிவு செய்யும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. அபெஸ் நிலையம் தரைக்குக் கீழ் சுமார் 36 மீட்டர் ஆழத்தில் உள்ளது. நகரின் மிக ஆழமான நிலையங்களில் ஒன்று. குன்றின் வடக்குச் சரிவில் லமார்க் கோலான்கூர் பக்கம் அமைதியானது, இளையோருக்கு ஏற்றது. குன்றின் கிழக்கு அடிவாரமான பார்பேஸ், ஷாத்தோ ரூழ் பகுதிகளில் மலிவு அறைகள் கிடைக்கும். பின்னிரவில் புதியவர்களுக்குச் சங்கடமாக இருக்கக்கூடிய தெருக்கள் அவை.

ஷான்செலிசேயை ஒட்டிய 8-ஆம் வட்டாரம் நட்சத்திர விடுதிகளுக்கும் அலுவலகங்களுக்குமானது. அங்கே சாதாரண மளிகைக் கடையைத் தேடி அலைய வேண்டும். கடை வீதிக்காகவே செல்பவர்களுக்கு, பேரங்காடிகள் உள்ள 9-ஆம் வட்டாரத்தின் ஒப்பேரா பகுதி மேல்.

லாச்சப்பல்: சாப்பிடுவதற்கா, தங்குவதற்கா?

கார் து நோருக்கும் லா ஷப்பேல் மெட்ரோ நிலையத்துக்கும் இடையே, 10-ஆம் வட்டாரத்தில் ஃபோபூர் சான் தெனி தெருவின் மேல்பகுதி, காய் தெரு, பெர்தோனே தெரு ஆகியவற்றில் ஈழத் தமிழர் கடைகள் நிறைந்துள்ளன. அங்குள்ள தமிழர் பேச்சில் அது லாச்சப்பல். முருங்கைக்காயிலிருந்து புட்டுமா வரை கிடைக்கும். தோசையும் கொத்து ரொட்டியும் நகரின் மற்ற பகுதிகளைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும். அருகே 18-ஆம் வட்டாரத்தில் பழோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் உள்ளது. ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் தொடக்கத்தை ஒட்டி நடக்கும் தேர்த் திருவிழாவில் இந்தத் தெருக்களில் தேங்காய்கள் மலைமலையாக உடைபடும்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை பகுதிக்கு முழு மதிப்பெண்: ஆர்.இ.ஆர். பி, 2, 4, 5-ஆம் தடங்கள், யூரோஸ்டார் எல்லாம் காலடியில். ஆயினும் குடும்பத்தோடு ஐந்தாறு நாள் தங்குவதற்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிலையத்தின் சுற்றுப்புறம் நள்ளிரவு வரை நெரிசலும் இரைச்சலுமாக இருக்கும். கைப்பை பறிப்போர், பையில் கைவிடுவோர் குறித்தும் விழிப்பு தேவை. அதிகாலை லண்டன் வண்டியைப் பிடிக்க ஓர் இரவு தங்குவதற்கு இது சரியான இடம். மற்ற நாள்களில் 4-ஆம் தடத்தில் எங்கே தங்கினாலும் இரவு உணவுக்கு இங்கே வந்து திரும்புவது எளிது. தமிழ்ச் சாப்பாட்டுக்காக அறையை இங்கே எடுக்க வேண்டியதில்லை. இதே 10-ஆம் வட்டாரத்தில் கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் வரும் சான் மர்தான் கால்வாய்க் கரை முற்றிலும் வேறு முகம் கொண்டது. இளைஞர்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும் அது பிடிக்கும்.

ஐந்தாம் படி: எல்லைக்கு வெளியே போகலாமா?

செலவு கட்டுப்படியாகாதபோது புறநகரைப் பார்ப்பதில் தவறில்லை. திசையைத்தான் கவனிக்க வேண்டும். கிழக்கே வான்சென், 1-ஆம் தடத்திலும் ஆர்.இ.ஆர். ஏ தடத்திலும் அமைந்த அமைதியான ஊர்; லூவ்ருக்கு மாறாமல் செல்லலாம். மேற்கே லா தெஃபான்ஸ் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களின் நகரம்; வார இறுதிகளிலும் ஆகஸ்டிலும் வணிகப் பயணிகள் குறைவதால் அங்கே அறை விலை இறங்குவதுண்டு, ஆனால் மாலையில் காற்று மட்டும்தான் நடமாடும். விமான நிலைய விடுதிகளும் டிஸ்னிலாந்துப் பக்க விடுதிகளும் நகரைப் பார்க்க ஏற்றவையல்ல: போக வர நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமாவது போய்விடும்.

உறவினர் வீட்டில் தங்குவோரும் பலர். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களும் ஈழத்துக் குடும்பங்களும் வடக்குப் புறநகர்களில் கணிசமாக வாழ்கின்றன. அப்படித் தங்குவதானால், விருந்தளிக்கும் உறவினர் தம் ஊர் நகராட்சியில் விண்ணப்பித்து வரவேற்புச் சான்றிதழ் பெற்று, அதன் மூலப் பிரதியை உங்கள் விசா விண்ணப்பத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: தெருவையும் கட்டடத்தையும் அறையையும் சோதிப்பது

பகுதி முடிவானபின் இரண்டு மூன்று விடுதிகளைத் தேர்ந்து, கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியில் நிலையத்தின் வாயிலிலிருந்து விடுதி வரை ‘நடந்து’ பாருங்கள். ஏற்றமா, படிகளா, கீழே மதுக்கடையா, எதிரே பள்ளியா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓபர்காம்ஃப், பஸ்தீயை ஒட்டிய லாப் தெரு போன்றவை இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பவை. அங்கே அறை எடுத்தால் முற்றம் நோக்கிய அறையைக் கேட்டு வாங்க வேண்டும்.

கோடையில் செல்பவர்கள் குளிர்சாதன வசதி உள்ளதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் குளிர்தானே என்று நினைப்பது பழைய கணக்கு. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. துத்தநாகத் தகட்டுக் கூரைக்குக் கீழே உள்ள மேல்மாடி அறைகள் வெயிலில் கொதித்துவிடும். பழைய விடுதிகள் பலவற்றில் மின்விசிறிகூட இராது.

இருவருக்கான அறை பன்னிரண்டு சதுர மீட்டர் இருந்தாலே தாராளம் என்று கொள்ள வேண்டிய நகரம் இது. பெரிய பெட்டிகள் இரண்டை விரித்து வைத்தால் நடக்க இடமிருக்காது. நான்கு பேருக்கு ஒரே அறை கிடைப்பது கடினம். ஆகவே குடும்பங்களுக்குச் சிறு சமையலறையோடு கூடிய அடுக்ககப் பாணி விடுதிகள் பொருந்தும்; காலையில் இட்லி வேகாவிட்டாலும், ஒரு ரசம் சாதத்துக்கு வழி பிறக்கும். தனியார் வீட்டை வாடகைக்கு எடுப்பதானால் விளம்பரத்தில் 13 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரிஸ் நகராட்சி அதைக் கட்டாயமாக்கியுள்ளது. எண் இல்லாத வீடு கடைசி நேரத்தில் கைவிட்டுப் போகும் அபாயம் உண்டு.

ஏழாம் படி: நாளும் விசாவும் முன்பதிவும்

அதே அறை, வாரத்துக்கு வாரம் வேறு விலையில் வரும். மார்ச் தொடக்கத்திலும் செப்டம்பர் இறுதியிலும் ஆடை அலங்கார வாரங்கள், மே இறுதியிலிருந்து ரோலான் காரோஸ் டென்னிஸ், ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜூனில் லு பூர்ழே விமானக் கண்காட்சி ஆகியவை அறைகளை விழுங்கிவிடும். ஆகஸ்டில் அறை எளிதாகக் கிடைக்கலாம்; ஆனால் குடியிருப்புப் பகுதிகளின் ரொட்டிக் கடைகளும் சிறு உணவகங்களும் விடுமுறையில் பூட்டிக் கிடக்கும், அப்போது மரே, லத்தீன் குடியிருப்பு போன்ற சுற்றுலாப் பகுதிகளே வசதி.

பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குத் தங்கும் நாள்கள் அனைத்துக்கும் இருப்பிடச் சான்று காட்ட வேண்டும். விசா கிடைக்கட்டும், பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஏதோ ஒரு விடுதியைப் பதிவு செய்துவிட்டு, கடைசியில் நல்லவையெல்லாம் போனபின் தேடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. விண்ணப்பத்தைப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே அளிக்கலாம் என்பதால், மேலே சொன்ன படிகளை விசாவுக்கு முன்பே முடித்து, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய முன்பதிவாக, விரும்பிய விடுதியையே எடுத்துவிடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது சுற்றுலா வரி சேர்ந்ததா என்று பாருங்கள். அது ஒரு தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று, விடுதியின் நட்சத்திரத் தரத்தைப் பொறுத்துக் கூடும். 18 வயது நிறையாதவர்களுக்கு இல்லை. பல தளங்களில் இது கடைசித் திரையில்தான் தோன்றும், அல்லது விடுதியிலேயே தனியாகக் கேட்பார்கள்.

பதிவு செய்தபின் விடுதிக்கு ஒரு செய்தி அனுப்பி மூன்று விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வரும் விமானங்கள் பல காலையில் இறங்கும், அறையோ பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் தருவார்கள். அதுவரை பெட்டிகளை வைத்துக்கொள்வார்களா என்பது ஒன்று. மின்தூக்கி உங்கள் மாடி வரை வருகிறதா, அல்லது இடையில் சில படிகள் உண்டா என்பது இரண்டு. இரவில் வரவேற்பறையில் ஆள் இருப்பாரா, இல்லையென்றால் வெளிக்கதவின் எண்பூட்டுக்கான குறியீட்டை எப்போது அனுப்புவார்கள் என்பது மூன்று. அந்தக் குறியீட்டை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி கைப்பேசியில் படமாகச் சேமித்து வையுங்கள்.